பார்க்கிங் அமலாக்க வேலைக்குப் போகலாமா? லண்டனில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

திருச்சி_டு_ஈஸ்ட்ஹாம்

எல்லோருக்கும் வணக்கம். மனைவி நர்ஸ் வேலைக்காக இங்கே வந்தார். அவருடைய விசாவில் நானும் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஊரில் சிவில் டிப்ளமோ முடித்து ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். இங்கே வந்ததிலிருந்து குடோனில் இரவு ஷிப்ட். பகலில் தூக்கம் வருவதில்லை, மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும்போது நடந்துகொண்டே கண் சொக்குகிறது.

போன வாரம் ஒரு கவுன்சிலுக்காக (நம் ஊர் நகராட்சி மாதிரி) ஆள் எடுக்கும் விளம்பரம் பார்த்தேன். 'சிவில் என்ஃபோர்ஸ்மென்ட் ஆபிசர்', அதாவது விதி மீறி நிறுத்திய கார்களுக்கு அபராத டிக்கெட் போடுபவர், பகல் வேலை, பயிற்சி அவர்களே தருவார்கள். விண்ணப்பம் பாதி நிரப்பி வைத்திருக்கிறேன். அறையில் கூட இருந்த பழைய நண்பர்களிடம் சொன்னால் எல்லோரும் தடுக்கிறார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன், "ஊரார் வயிற்றெரிச்சலை வாங்கிக் கட்டிக்காதேடா" என்கிறார்.

என் கேள்விகள் மூன்று. ஒரு நாளைக்கு இத்தனை டிக்கெட் போட வேண்டும் என்று டார்கெட் வைப்பார்களா? தெருவில் அடி விழுமா? இதில் இருந்து மேலே போக வழி உண்டா, இல்லை அறுபது வயது வரை நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதானா?

நாலுமாசம்_போதும்

நான் போய்ப் பார்த்தவன். நான்கு மாதத்தில் விட்டுவிட்டேன். ஜனவரியில் சேர்ந்தது என் தப்பு. மழை, காற்று, கை விறைத்து டிக்கெட் போடும் கைக்கருவியில் எழுத்து அடிக்க முடியாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் முகத்தில் துப்பினார். போலீசில் சொன்னோம், பாடி கேமராவில் பதிவும் இருந்தது. ஆனாலும் மறுநாள் அதே தெருவில் நடக்க எனக்கு மனம் வரவில்லை. தைரியம் இருந்தால் போங்கள். நான் பயமுறுத்தவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மஞ்சள்கோடு

தம்பி, நான் யாழ்ப்பாணம். 11 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மேலே எழுதியவரை நினைத்துக் கவலையாக இருக்கிறது. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் நீங்கள் கேட்ட மூன்றுக்கும் வடிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் டார்கெட். இங்கிலாந்தில் 2004 போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின் பார்க்கிங் பகுதி 2008 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 'பார்க்கிங் அட்டெண்டன்ட்' என்ற பெயர் போய் 'சிவில் என்ஃபோர்ஸ்மென்ட் ஆபிசர்' என்ற புதுப் பெயர் வந்ததும் அன்றுதான். அந்தச் சட்டத்தோடு அரசு வெளியிட்ட வழிகாட்டியில், ரிக்கெற் எண்ணிக்கைக்கு இலக்கு வைக்கக்கூடாது, எண்ணிக்கையை வைத்துச் சம்பளமோ போனஸோ தரக்கூடாது என்று இருக்கிறது. எழுத்தில் அப்படி. நான் வேலை செய்த ஓர் இடத்தில் எண் சொல்லமாட்டார்கள், ஆனால் குறைவாக எழுதிக்கொண்டு வருகிறவனிடம் "இண்டைக்கு எங்கே நிண்டனீ?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார்கள். கேட்பது எதை என்று எல்லோருக்கும் விளங்கும். அங்கிருந்து ஏழு மாதத்தில் விலகினேன். இப்போது இருக்கும் இடத்தில் பார்ப்பது வேறு: கொடுத்த தெருக்களை எல்லாம் சுற்றினீர்களா, எழுதியதில் எத்தனை பிழையாகிப் பின்னால் ரத்தானது. நேர்முகத் தேர்வில் "என் வேலையை எதை வைத்து மதிப்பிடுவீர்கள்?" என்று நீங்களே கேளுங்கள். பதில் சொல்லும் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்த வேலையின் உயிர் குறிப்பில்தான் இருக்கிறது. உதாரணத்துக்கு வால்வு. ஒரு மணித்தியாலம் மட்டும் நிற்கலாம் என்ற இடத்தில் கார் நிற்கிறது. சக்கரத்தை மணிக்கூடாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் வால்வு முன்சக்கரத்தில் 4 மணியிலும் பின்சக்கரத்தில் 11 மணியிலும் இருந்தால் 4, 11 என்று பதிவோம். பிறகு திரும்பி வந்து பார்க்கும்போதும் 4, 11 என்றால் வண்டி அசையவில்லை. "நான் போய்விட்டுத் திரும்பி வந்தேன்" என்று உரிமையாளர் எழுதினால் அந்த இரண்டு எண்தான் எங்கள் பதில். வால்வு மாறியிருந்தால் அவர் சொல்வது உண்மை, நீங்கள் எழுதக்கூடாது.

படம் எடுக்கும்போது வண்டி எண், கோடு, சைன்போர்டு, கண்ணாடியின் உள்ளே இருக்கும் பெர்மிட், எல்லாம் வர வேண்டும். போர்டு மரக்கிளையில் மறைந்திருந்தால் அதையும் எடுங்கள். கோடு அழிந்திருந்தால் அதையும் எடுங்கள். உங்களுக்கு எதிரான படமாக இருந்தாலும் எடுங்கள். நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்வது இது ஒன்றுதான்.

காசு கட்டிய நேரம் முடிந்தபின் 10 நிமிட அவகாசம் உண்டு. 2015 ஏப்ரலில் சட்டமானது. அந்த 11ஆவது நிமிடத்துக்காகக் காரின் பக்கத்தில் காத்து நிற்காதீர்கள். தெருவின் மற்றப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பி வரும்போது கார் போயிருந்தால் அது நல்ல விஷயம், அந்த இடம் இன்னொருவருக்குக் கிடைத்தது.

அடியைப் பற்றி: 11 வருடத்தில் ஒரு தடவை தள்ளி விழுத்தினார்கள், மணிக்கட்டு வீங்கியது. ஏச்சு தினமும். ரிக்கெற் அச்சானதும் கண்ணாடியில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும், வாதாடி வெல்ல நினைக்கக்கூடாது. ஆள் கோபமாக வந்தால் காருக்கு மற்றப் பக்கம் நில்லுங்கள், இடையில் கார் இருக்கட்டும். ரேடியோவில் ஒரு சொல் சொன்னால் பக்கத்துத் தெருவில் இருப்பவர் வந்துவிடுவார். தனியாக அனுப்பினாலும் தனியாக விடக்கூடாது, அதுதான் நல்ல கவுன்சிலுக்கு அடையாளம்.

மேலே போகும் வழியைப் பற்றி இங்கே வேறு ஆட்கள் சொல்வார்கள். எனக்கு நடக்கத்தான் பிடிக்கும். கைபேசி ஒரு நாளைக்கு 14, 15 கிலோமீட்டர் காட்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது.

ஹாரோ_மாமா

உங்கள் வேலையைக் குறை சொல்ல வரவில்லை, ஆனால் மனசு வெந்துபோய் எழுதுகிறேன். போன வாரம் என் மாமனாரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். 81 வயது, கையைப் பிடித்துத்தான் நடப்பார். ஒற்றை மஞ்சள் கோட்டில் (குறித்த நேரங்களில் கார் நிறுத்தக்கூடாத இடம்) நிறுத்தி, உள்ளே வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு ஓடி வந்தேன். ஆறு அல்லது ஏழு நிமிடம். கண்ணாடியில் டிக்கெட். 160 பவுண்ட், சீக்கிரம் கட்டினால் 80. அந்த வார்டன் தெருமுனையில்தான் இருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். "அச்சாகிவிட்டது, என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். கெஞ்சினேன். காது கொடுத்துக் கேட்கவில்லை. ஒரு கிழவரை இறக்கிவிட ஆறு நிமிடம்கூடக் கிடையாதா? மனசாட்சி என்று ஒன்று வேண்டாமா?

முறையீட்டுமேசை_அக்கா

ஹாரோ ஐயா, நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள், முதலில் இதைப் படியுங்கள். நான் வேறொரு கவுன்சிலில் முறையீட்டுக் கடிதங்களைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். எட்டு வருடம். அதற்கு முன் மூன்று வருடம் தெருவில் நடந்தேன்.

மஞ்சள் கோட்டில் ஆளை ஏற்றவும் இறக்கவும் விதிவிலக்கு உண்டு. நடக்க முடியாதவர், குழந்தை, முதியவர் என்றால் வாசல்வரை கொண்டுபோய் விடத் தேவையான நேரத்தையும் சேர்த்தே பார்ப்போம். சிவப்புக் கோட்டுக்கும் பாதசாரிக் கடவையின் வளைகோட்டுக்கும் இது பொருந்தாது. உங்களுடையது சாதாரண ஒற்றை மஞ்சள் என்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

செய்ய வேண்டியது: டிக்கெட் கொடுத்த 14 நாளுக்குள் இணையத்தில் முறையீடு எழுதுங்கள். அந்த 14 நாளுக்குள் கட்டினால்தான் பாதித் தொகை. அதற்குள் முறையிட்டு நிராகரிக்கப்பட்டாலும் பெரும்பாலான கவுன்சில்கள் பாதித் தொகை கட்ட மறுபடி அவகாசம் கொடுக்கும். கடிதத்தில் "மனசாட்சி இல்லையா" என்று எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள், மாமனார் வயது, ஏன் தனியாக நடக்க முடியாது, எந்தக் கிளினிக், எத்தனை மணி அப்பாயின்ட்மென்ட். அப்பாயின்ட்மென்ட் கடிதத்தின் படத்தைச் சேருங்கள். அது போதும்.

அதையும் நிராகரித்தால், கட்டாமல் இருந்தால், 28 நாள் கழித்து உரிமையாளருக்கு ஒரு நோட்டீஸ் வரும். அதற்குப் பதிலாக முறைப்படி மறுபடி எழுதலாம். அதுவும் ஆகவில்லை என்றால் 'லண்டன் டிரிபியூனல்ஸ்' நடுவரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அங்கே கவுன்சிலுக்கும் உங்களுக்கும் ஒரே மரியாதை. லண்டனுக்கு வெளியே அந்த வேலையைச் செய்வது 'டிராபிக் பெனால்டி டிரிபியூனல்'. நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு, கோபத்தில் கடிதத்தைப் பிரிக்காமல் இழுப்பறைக்குள் போடுவது. முறையிடாமலும் கட்டாமலும் விட்டால் தொகை ஒன்றரை மடங்காகும். 160 என்பது 240 ஆகும். அப்புறம் நார்தாம்ப்டன் நீதிமன்றத்தில் பதிவாகி, ஜப்தி ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அந்த நிலையில் என் மேசைக்கு வரும் கடிதங்களைப் படிக்கும்போது அழுகையே வரும். ஆறு மாதம் முன்னால் நான்கு வரி எழுதியிருந்தால் ரத்து செய்திருப்போம்.

அந்த வார்டனைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சானபின் அவரால் ரத்து செய்ய முடியாது என்பது உண்மை. ரத்து செய்யும் அதிகாரம் வேண்டுமென்றே அலுவலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, தெருவில் மிரட்டலுக்கும் பணத்துக்கும் இடம் கொடுக்கக்கூடாது என்பதற்காக. ஆனால் நீங்கள் சொன்னதை அவர் கேட்டு, "முதியவரை இறக்கிவிட்டதாக ஓட்டுநர் சொன்னார்" என்று குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் என்னைப் போன்றவளுக்கு அந்த ஒரு வரி போதும். காது கொடுத்துக் கேட்கவில்லை என்றீர்களே, அது தவறுதான்.

லண்டனில் டிராபிக் வார்டன்கள் 1960 செப்டம்பரில் முதன்முதலாகத் தெருவில் இறங்கியபோது கொடுத்த முதல் டிக்கெட்டே, மாரடைப்பு நோயாளியைப் பார்க்க வந்த ஒரு மருத்துவரின் காருக்குத்தான். மக்கள் கொதித்ததும் அதை ரத்து செய்தார்கள். இந்த வேலையும் ரத்து செய்யும் மேசையும் கூடவே பிறந்தவை.

குரோய்டன்_ராஜி

எனக்கும் ஒரு பிசிஎன் வந்திருக்கிறது, சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில், 100 பவுண்ட். அக்கா சொன்ன மாதிரி டிரிபியூனலுக்குப் போகலாமா?

முறையீட்டுமேசை_அக்கா

ராஜி, அது வேறு. கவுன்சில் தருவது 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்'. தனியார் இடத்தில் கம்பெனி தருவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. முதலெழுத்து ஒன்றாக இருப்பதால் எல்லோரும் குழம்புகிறார்கள். தனியாருடையது ஒப்பந்தத்தை மீறியதற்கான பில், முறையீட்டு வழியும் தனி. உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கும். திருச்சித் தம்பிக்கும் இது முக்கியம்: விண்ணப்பிக்கும் இடம் கவுன்சில் தெருவுக்கா, தனியார் கார் பார்க்குக்கா என்று பாருங்கள். விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். நான் மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பும் மேலே போகும் ஏணியும் கவுன்சில் தெருவில்தான்.

ஸ்கார்பரோ_பைலா

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே பார்க்கிங் டிக்கெட் போலீஸின் கீழ் இருக்கும் தனிப் பிரிவு கொடுக்கிறது. அவர்கள் துப்பாக்கி ஏந்திய போலீஸ் இல்லை, நகரச் சட்டத்தை அமல்படுத்தும் சிவிலியன் அதிகாரிகள். 2017 ஆகஸ்டு இறுதியிலிருந்து டிக்கெட் வழக்குகள் நீதிமன்றம் போகாமல் நகராட்சியின் நிர்வாக அபராத முறைக்கு மாறின. நெருப்புக் குழாய்க்கு 3 மீட்டருக்குள் நிறுத்தியதற்கு டிக்கெட் வாங்கிவிட்டு "பனி மூடியிருந்தது, தெரியவில்லை" என்று சொல்லும் ஆள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு.

நான் அந்தப் பிரிவு இல்லை. நகராட்சியின் பைலா (நகர விதிகள்) அதிகாரி, கட்டடப் பக்கம். 2017 ஜூலையில் ரென்ட்சேஃப் திட்டம் வந்தது. மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத வாடகைக் கட்டடங்களைப் பதிவு செய்து, நாங்கள் போய்ப் பார்த்து மதிப்பெண் போடுவோம். லிப்ட், கரப்பான், ஹீட்டர், குப்பைக் குழாய். தம்பி சிவில் படித்தவர் என்று எழுதியிருக்கிறார். நான் அவர் இடத்தில் இருந்தால் பார்க்கிங்கில் இரண்டு வருடம் இருந்து, தெருவில் ஆட்களோடு பேசவும் குறிப்பு எழுதவும் பழகிக்கொண்டு, கட்டடப் பக்கம் தாவிவிடுவேன். லண்டனில் அதற்கு வழி இருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டேப்பும்_டார்ச்சும்

வழி இருக்கிறது, நான் வந்த வழி அதுதான். மதுரைப் பக்கம், நானும் டிப்ளமோ. பார்க்கிங்கில் மூன்று வருடம், பிறகு குப்பை கொட்டுவோரைப் பிடிக்கும் சுற்றுச்சூழல் அமலாக்கத்தில் இரண்டு, இப்போது தனியார் வாடகை வீடுகளைச் சோதிக்கும் பிரிவில் ஆறாவது வருடம். கவுன்சில் பெயர் வேண்டாம்.

திருச்சி நண்பருக்கு ஒன்று. நீங்கள் இருக்கும் ஈஸ்ட்ஹாம் சேர்ந்த நியூஹாம் பகுதிதான் 2013 ஜனவரியில் இங்கிலாந்திலேயே முதன்முதலாக, பகுதி முழுக்க வாடகை வீட்டுக்காரர்கள் லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. வீட்டைப் பிரித்துப் பிரித்து வாடகைக்கு விடுவதும், தோட்டத்துக் கொட்டகையில் ஆள் தங்க வைப்பதும் எவ்வளவு நடந்தது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

என் கையில் எப்போதும் லேசர் டேப் இருக்கும். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல், ஒரே குடும்பம் அல்லாதவர்கள், சமையலறையோ குளியலறையோ பகிர்ந்து இருந்தால் அந்த வீட்டுக்குக் கட்டாய லைசன்ஸ். 2018 அக்டோபருக்கு முன் மூன்று மாடி இருந்தால்தான் இந்த விதி, இப்போது மாடிக் கணக்கு இல்லை. அதே நாளிலிருந்து அறை அளவும் சட்டமானது: ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, இருவர் என்றால் 10.22. கூரை சரிந்து 1.5 மீட்டருக்குத் தாழ்வான இடத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. மாடியறைகளில் இதை மறந்துவிட்டுத்தான் எல்லோரும் 'பெரிய அறை' என்று வாடகை வாங்குகிறார்கள். ஈரம், குளிர், தீ, மின்சாரம், படிக்கட்டு என்று 29 வகை ஆபத்துகளை வைத்து வீட்டை மதிப்பிடுவோம், 2004 வீட்டுவசதிச் சட்டம் தந்த முறை.

ஒரு வீடு மறக்க முடியாது. மூன்று படுக்கையறை வீட்டில் பதினொரு பேர். கதவைத் திறந்தவர்கள் எங்கள் ஐடி கார்டைப் பார்த்ததும் குடியேற்றத்துறை என்று நினைத்துப் பின்பக்கம் ஓடப் பார்த்தார்கள். நான் தமிழில், "நாங்க கவுன்சில், வீட்டை மட்டும்தான் பார்க்க வந்தோம், உக்காருங்க" என்றேன். ஒரு பையன் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். காஸ் பாய்லருக்கு மேலே துணி காயப்போட்டிருந்தார்கள், புகை அலாரம் ஒன்றுகூட இல்லை. சமையலறைக்கு அடுத்த ஸ்டோர் அறையில் ஒருவர் தூங்கினார், அளந்தால் 4 சதுர மீட்டர் சொச்சம். அதற்கு மாதம் 400 பவுண்ட் வாங்கியவரும் நம்மவர்தான். அந்த அறையை மூடச் சொல்லி, அலாரம் போடவைத்து, வழக்கு முடியும்வரை நான்கு முறை போனேன். டிக்கெட் எழுதிய நாட்களில் கற்றுக்கொண்ட அதே குறிப்பு எழுதும் பழக்கம்தான் அந்த வழக்கில் நின்றது. எந்த அறை, எத்தனை மணி, கதவு எந்தப் பக்கம் திறந்தது, யார் என்ன சொன்னார்கள், எல்லாம் அன்றன்றைக்கே எழுதியிருந்தேன்.

திட்டமிடல் அமலாக்கம் என்று இன்னொரு பிரிவும் இருக்கிறது, அனுமதி இல்லாமல் கட்டுவதைப் பார்ப்பது. முன்பெல்லாம் நான்கு வருடம் யாரும் கேட்கவில்லை என்றால் கட்டியவர் தப்பிவிடுவார். 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அது பத்து வருடம். வரைபடம் படிக்கத் தெரிந்த சைட் சூப்பர்வைசருக்கு அங்கே நல்ல மதிப்பு. உங்கள் டிப்ளமோவுக்கு இங்கே என்ன சமன் என்று இப்போதே சான்று வாங்கி வையுங்கள்.

திருச்சி_டு_ஈஸ்ட்ஹாம்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவார்கள் என்று நினைக்கவில்லை. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.

இன்னும் ஒன்று மட்டும் உறுத்துகிறது. நான் இருக்கும் பகுதியில் கடைக்காரர், கோயிலுக்கு வருபவர், மகள் வகுப்புத் தோழியின் அப்பா எல்லோரும் தமிழர்கள். நாளைக்கு அவர்கள் காரில் டிக்கெட் ஒட்டிவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது?

நாலுமாசம்_போதும்

இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். எனக்குத் துப்பியது வேறு ஆள், ஆனால் என் வீட்டுக்குப் பேச வராமல் போனது என் சொந்த அத்தை மகன்தான்.

மஞ்சள்கோடு

தம்பி, முதலில் சேரும்போதே சொல்லுங்கள், வீடு இருக்கும் பகுதி வேண்டாம் என்று. எங்கள் இடத்தில் கேட்டால் மாற்றித் தருகிறார்கள். அது வெட்கப்படும் விஷயம் இல்லை, உங்களுக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது.

ஆனால் லண்டனில் எங்கே போனாலும் எங்கள் சனம் இருக்கும். ஒரு கோயில் தேர்த் திருவிழா. தெருவெல்லாம் கார். நடைபாதையில் நான்கு சக்கரமும் ஏற்றி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். லண்டனில் நடைபாதையில் நிறுத்துவது 1974இலிருந்து தடை, பலகை வைத்து அனுமதித்த இடம் தவிர. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை, பட்டு வேட்டியோடு ஓடி வந்தார். "நீயும் எங்கட ஆள்தானே, சாமி காரியத்துக்கு வந்த இடத்தில் இப்படிச் செய்யலாமா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்போது அந்த நடைபாதையில் ஒரு அம்மா வந்தார், சக்கர நாற்காலியில் மகன், இருபது வயது இருக்கும். அவர்களும் தேருக்குத்தான் வந்தார்கள். கார் வரிசையைச் சுற்றி, நாற்காலியைத் தெருவில் இறக்கி, பஸ்ஸுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனார். அந்த அண்ணையும் பார்த்தார். நான் ஒன்றும் கதைக்கவில்லை. அவரே காரை எடுத்தார். மற்றவர்களையும் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். பாதிக் கார் போனது. மிச்சத்துக்கு எழுதினேன்.

அடுத்த வருடம் திருவிழாவுக்கு முன் கோயில் நிர்வாகத்தோடு எங்கள் சூப்பர்வைசர் கதைத்தார். தொண்டர்கள் பச்சை ஜாக்கெட் போட்டு நின்று, பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குக் காரை அனுப்பினார்கள். அன்று நான் எழுதியது மூன்று மட்டும்.

சில பேர் கதைக்கமாட்டார்கள், அதுவும் நடக்கும். ஒரு சலுகையும் யாருக்கும் செய்யாதீர்கள். ஒருவருக்குச் செய்தால் அடுத்த நாளே தெரு முழுக்கத் தெரியும், அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் எல்லா ரிக்கெற்றும் பகைக்கு எழுதியதாக ஆகிவிடும். ஆனால் முறையீடு எப்படி எழுதுவது என்று கேட்டால் இருந்து சொல்லிக் கொடுங்கள். நான் எங்கள் சனத்துக்கு நிறையக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நான் எழுதாத ரிக்கெற்றுகளுக்கு மட்டும்.

ஹாரோ_மாமா

அக்காவுக்கு நன்றி சொல்ல வந்தேன். நீங்கள் சொன்னபடியே எழுதினேன், எட்டே வரி. அப்பாயின்ட்மென்ட் கடிதம் சேர்த்தேன். 19 நாளில் பதில் வந்தது, ரத்து. மாமனாரிடம் சொன்னேன், "என்னால உனக்குச் செலவாச்சேன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

மேலே கோபத்தில் எழுதியதற்கு வருந்துகிறேன். அந்த வார்டன் கேட்டிருக்கலாம் என்பதில் மட்டும் மாற்றம் இல்லை.

முறையீட்டுமேசை_அக்கா

கேட்டிருக்க வேண்டும். மாமனாருக்கு இப்போதே ப்ளூ பேட்ஜுக்கு (நடக்கச் சிரமப்படுவோருக்கான பார்க்கிங் அட்டை) விண்ணப்பித்துவிடுங்கள் ஐயா, கவுன்சில் இணையதளத்தில் செய்யலாம். கிடைத்தால் மஞ்சள் கோட்டில் லோடிங் (சரக்கு ஏற்றி இறக்க) தடை இல்லாத இடத்தில் மூன்று மணி நேரம் நிற்கலாம், வந்த நேரத்தைக் காட்டும் கடிகார அட்டையையும் வைக்க வேண்டும். சிட்டி, வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன் செல்சி, கேம்டனின் ஒரு பகுதி, இங்கெல்லாம் விதி வேறு, போகும் முன் பாருங்கள். அவர் காரில் இல்லாதபோது யாரும் அதைப் பயன்படுத்தக்கூடாது. அந்த வழக்குகளில் எங்களால் இரக்கம் காட்ட முடியாது.

திருச்சி_டு_ஈஸ்ட்ஹாம்

ஒன்பது வாரம் கழித்து வருகிறேன். வேலை கிடைத்தது. ஐந்து வருட முகவரியும் வேலை விவரமும் கேட்டார்கள், ஊரில் இருந்த கான்ட்ராக்டரிடம் கடிதம் வாங்கவே மூன்று வாரம் ஆனது. மஞ்சள்கோடு அண்ணன் சொன்ன கேள்வியை நேர்முகத் தேர்வில் கேட்டேன். நேர்முகம் செய்தவர் சிரித்துவிட்டு, எழுதியதில் எத்தனை ரத்தாகிறது என்று பார்ப்போம் என்றார். வீட்டிலிருந்து இரண்டு பகுதி தள்ளிப் போட்டிருக்கிறார்கள். சம்பளம் லண்டன் வாழ்வூதியம், மணிக்கு 14.80.

இரண்டு வாரம் வகுப்பு, இரண்டு வாரம் ஒரு கானா நாட்டு அண்ணனோடு தெருவில். மீறல் குறியீடுகளை மகள்தான் தினமும் ஒப்பிக்க வைத்தாள். 01 தடைசெய்த தெரு, 40 மாற்றுத்திறனாளி இடம், 47 பஸ் நிறுத்தம், 99 பாதசாரிக் கடவை.

என் முதல் டிக்கெட் குறியீடு 27. நடைபாதை சரிந்து சாலையோடு சேரும் இடத்தை அடைத்து ஒரு வேன். எதிர்ப்பக்கம் ஒரு வயதான பெண்மணி, பேட்டரி வண்டியில், இறங்க முடியாமல் காத்திருந்தார். எனக்குக் கை நடுங்கியது. வால்வு எழுத வேண்டிய அவசியமே இல்லாத மீறல், ஆனாலும் எழுதினேன், 2, 9. ஏழு படம் எடுத்தேன். ஓட்டுநர் வந்து திட்டினார். வேனுக்கு மற்றப் பக்கம் நின்றுகொண்டு, முறையிட விரும்பினால் எங்கே எழுத வேண்டும் என்று காட்டினேன். அவர் வேனை எடுத்ததும் அந்த அம்மா சாலையைக் கடந்து போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவசரம் போல.

இரவில் தூங்குகிறேன். அம்மாவிடம் முதலில் கவுன்சில் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன். நேற்று முழுதாகச் சொல்லிவிட்டேன். "அந்தக் கிழவி கடந்து போனாளா?" என்று கேட்டார். போனார் என்றேன். அப்புறம் சாப்பிட்டாயா என்று பேச்சு மாறிவிட்டது.

ஒரு உதவி. கால் பெருவிரல் நகம் இரண்டும் கறுத்துவிட்டது. கம்பெனி கொடுத்த ஷூதான் காரணமா?

மஞ்சள்கோடு

ஓம், ஷூதான். மாலையில் கால் வீங்கி இருக்கும்போது கடைக்குப் போய் அரை அளவு பெரிதாக, தண்ணீர் புகாததாக வாங்குங்கள். ஷூ கறுப்பு நிறமாக இருந்தால் எங்கள் இடத்தில் ஒன்றும் சொல்வதில்லை. கம்பளிக் காலுறை இரண்டு சோடி, ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரம் வளைக்காதீர்கள். நவம்பர் வருவதற்கு முன் செய்துவிடுங்கள் தம்பி.